கிலோ மேரியைப் பொய்க்காரியாக்கிய கடிகாரம்

செம்பட்டி நாற்சந்தியிலிருந்து வத்தலக்குண்டு பக்கம் கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு எடைமேடை இருக்கிறது. லாரி ஏறி நிற்க நீளமான இரும்புத் தளம், பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை, அறைக்குள் ஒரு கணினி, ஒரு மின்விசிறி. பத்தொன்பது வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்து எடைச் சீட்டுப் போடுகிறவள் ஆனந்தமேரி. ஒட்டன்சத்திரம் போகிற வெங்காய லாரியானாலும் சரி, கன்னிவாடியிலிருந்து வருகிற மக்காச்சோள டிராக்டரானாலும் சரி, அவள் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும். ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பேர் கிலோ மேரி.

பேர் சும்மா வந்துவிடவில்லை. சரக்கோடு எடை போட வரும்போது இரண்டு ட்ரம் தண்ணீரை மூட்டைகளுக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுவருவார்கள். காலி வண்டியாகத் திரும்பும்போது தண்ணீரைக் கொட்டிவிட்டு வருவார்கள்; அந்தத் தண்ணீரின் எடையும் சரக்குக் கணக்கில் ஏறிவிடும். மேரி சேலையைச் சொருகிக்கொண்டு லாரியின் பின்பக்கம் ஏறி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள். ஒரு ஐப்பசியில் இடி விழுந்து, மேடைக்கு அடியில் எடையை உணர்கிற கருவிகளில் ஒன்று பழுதாகிவிட்டது. திரையில் எண் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வரிசையில் நின்ற வியாபாரி ஒருவர், “அதான் நம்பர் வருதுல்ல தாயி, போட்டுக் குடு” என்றார். “நம்பர் வருதுங்கிறதுக்காக அது எடையாயிருமா?” என்று கேட்டுவிட்டு, மேரி வாசல் சங்கிலியை இழுத்துப் பூட்டினாள். பழுது பார்க்க ஆள் வரும்வரை இரண்டு நாள் ஒரு வண்டியையும் உள்ளே விடவில்லை. முதலாளி கத்தினார். கத்தட்டும் என்று இருந்துவிட்டாள்.

பிறந்தது பஞ்சம்பட்டியில். வாழ்க்கைப்பட்டது திண்டுக்கல் மேட்டுப்பட்டியில். கணவர் ஸ்தனிஸ்லாஸ் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மேரிக்கு வயது நாற்பத்தாறு, ஐந்தடி உயரம், காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் பஸ்ஸில் வருகிற உட்கார்ந்த வேலை. போன வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை விளிம்பில் நின்றது. “ஒரு எட்டு கிலோ குறைச்சிட்டீங்கன்னா மாத்திரை இல்லாமலே ஓட்டிரலாம்” என்றார் டாக்டர் ஷரீஃபா. பேகம்பூரில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் அந்த அம்மாள் அதிகம் பேசுகிறவர் இல்லை.

சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறவள் மேரி. பிப்ரவரி பாதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு மாடியில் நடந்த எடைக் குறைப்பு மையத்தில் சேர்ந்தாள். நடத்துகிறவன் விக்னேஷ்குமார், முப்பது வயதுக்குள்தான் இருப்பான். இறுக்கமான பனியன், கணீரென்ற குரல். சேர்ந்த அன்றே ஆளுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தான். வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா எல்லாவற்றையும் கேட்டு ஒரு பெண் செல்போனில் ஏற்றினாள்.

“இதுதாங்க்கா இனிமே உங்க டாக்டர்,” என்றான் விக்னேஷ்குமார். “ஒரு நாளைக்கு உங்க உடம்பு எத்தனை கலோரி எரிக்குதுன்னு கரெக்டா அளந்து சொல்லிரும். சும்மா படுத்திருக்கும்போது எரிக்கிறது தனி, நடக்கும்போது எரிக்கிறது தனி. ரெண்டையும் கூட்டி, அதுல ஐநூறைக் கழிச்சுச் சாப்பிடுங்க. வாரத்துக்கு அரைக் கிலோ தன்னால இறங்கும்.”

அளந்து சொல்லும் என்ற வார்த்தை மேரிக்குப் பிடித்திருந்தது. கடிகாரம் அவளுக்குச் சொன்னது, நாளொன்றுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. அப்படியானால் அவள் சாப்பிட வேண்டியது ஆயிரத்து நானூற்று ஐம்பது. சமையலறைக்கு ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கினாள். சோற்றை நிறுத்தாள், தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தை நிறுத்தாள், எண்ணெயைக் கரண்டியோடு நிறுத்து, பிறகு வெறும் கரண்டியை நிறுத்துக் கழித்தாள்; வாரம் முடிந்ததும் எல்லாவற்றையும் எழுதி மையத்தில் கொடுத்தாள். அது தவக்காலம் வேறு; கறி, மீன் எதுவும் இல்லை. செம்பட்டியில் பத்தரை மணிக்குச் சூடாக வடை வரும். பத்தொன்பது வருஷப் பழக்கம். அதையும் நிறுத்தினாள். சுமை தூக்கும் மொக்கைச்சாமி தன் பங்கு வடையை அவள் எதிரில் தின்னக் கூச்சப்பட்டு லாரிக்குப் பின்னால் போய்த் தின்றார்.

ஆறு வாரம் போனது. எழுபத்தெட்டு கிலோ இருநூறு கிராமில் தொடங்கியவள் எழுபத்தேழு முந்நூறில் நின்றாள். தொள்ளாயிரம் கிராம்.

சனிக்கிழமை சாயங்காலம் மையத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி எடை பார்ப்பார்கள். பார்த்த எடையை வெள்ளைப் பலகையில் பேரோடு எழுதுவார்கள். இருபத்துநான்கு பெண்கள். அதிகம் குறைந்தவள் மேலே, குறையாதவள் கீழே. கடைசிப் பேர் ஆனந்தமேரி.

விக்னேஷ்குமார் பலகையைப் பேனாவால் தட்டினான். “மேரியக்கா, வாட்ச் சொல்லுது நீங்க ஆயிரத்துத் தொள்ளாயிரத்தம்பது எரிக்கிறீங்கன்னு. நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க ஆயிரத்து நானூத்தம்பதுதான் சாப்பிடுறேன்னு. அப்படின்னா ஆறு வாரத்துல கிட்டத்தட்ட மூணு கிலோ போயிருக்கணும். போகலை. மிஷின் பொய் சொல்லாது. அப்ப யாரு பொய் சொல்றா?”

யாரோ சிரித்தார்கள்.

“நான் நிறுத்துத்தான் தம்பி சாப்பிடுறேன்,” என்றாள் மேரி.

“எல்லாரும் அப்படித்தாங்க்கா சொல்றாங்க. ராத்திரி பிரிட்ஜைத் திறக்கிறதை மட்டும் நிறுக்க மாட்டாங்க.”

இந்த முறை நிறையப் பேர் சிரித்தார்கள். மேரிக்குக் காது மடல் சுட்டது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை லாரிக்காரர்கள் அவளிடம் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள், ஏசியிருக்கிறார்கள். பொய் சொல்கிறாள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இங்கே, அவள் மகன் வயதுக்குச் சற்றே கூடுதலான ஒருவன், நடுக்கூட்டத்தில் நிற்க வைத்துச் சொல்கிறான். ஆனால் கணக்கு அவன் பக்கம் இருந்தது.

பக்கத்தில் நின்ற பவித்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண், இருபத்தேழு வயது, ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தாய். அவள் கை சில்லென்று இருந்தது. பலகையில் மேரிக்கு நேர் மேலே இருந்தது அவள் பேர்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். ஸ்தனிஸ்லாஸ் கேட்டுவிட்டு ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு, கணக்கு வாத்தியார் அல்லவா, மெதுவாக, “கணக்குப்படி பாத்தா அவன் சொல்றது சரிதான் மேரி… வேலை பாக்குற எடத்துல, ஞாபகம் இல்லாம, வடை கிடை ஏதும்…” என்றார்.

மேரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இருபத்தஞ்சு வருஷமாக் கூட இருக்கீக. நான் ஒளிச்சு வச்சுத் தின்னு என்னைக்காவது பாத்திருக்கீகளா?”

“அப்படிச் சொல்லலை…”

“அப்படித்தான் சொன்னீக. அந்தப் பய சொன்னது தாங்கிருச்சு. நீங்க சொன்னதுதான் தாங்கலை.”

அன்றையிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள். பேச்சுப் போடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் மரித்த நாள். ஆண்டவருக்காக உண்ணாமல் ஒறுத்தல் இருக்கிற நாளில் கையில் இந்தச் சனியன் எதற்கு என்று, வியாழன் சாயங்காலமே கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை முழுக்க உபவாசம். சித்திரைக்கு முன்னாலேயே அடித்த வெயிலில் சிலுவைப்பாதைக் கூட்டத்தோடு வெறுங்காலில் நடந்தாள். மதியம் கோயிலில் முழங்காலில் இருந்தாள். திரும்பி வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தபோது மணி ஏழு. மறுநாள் மாட்டிக்கொள்ள வேண்டுமே என்று கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள்.

நடந்த அடிகள்: ஒன்றுமில்லை. எரித்த கலோரி: ஆயிரத்து அறுபத்தொன்று.

மறுபடி பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஆயிரத்து அறுபத்திரண்டு ஆகியிருந்தது.

“ஏங்க, இங்க வாங்க!”

ஆறு நாளுக்குப் பிறகு தன்னை முகம் பார்த்துக் கூப்பிட்ட சந்தோஷத்தில் ஸ்தனிஸ்லாஸ் ஓடி வந்தார்.

“இது நேத்துலருந்து அலமாரியில கிடக்கு. நான் நாள் முச்சூடும் வெயில்ல நடந்தேன். அது நடக்கலை. ஆனா ஆயிரத்து அறுபத்திரெண்டு எரிச்சிருக்கேங்குது. எரிச்சது யாரு? அலமாரியா?”

ஸ்தனிஸ்லாஸ் செல்போனை வாங்கி கடிகாரத்தின் கணக்கைக் காட்டும் செயலியைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். செத்த நேரத்தில் அவர் நெற்றி சுருங்கியது. “மேரி, நீ கழட்டி வச்சாலும் உன் உடம்பு உள்ளுக்குள்ள எரிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். மூச்சு விடுறது, இதயம் அடிக்கிறது எல்லாத்துக்கும் சக்தி வேணும்ல. அந்தச் சும்மா இருக்கிற கணக்கை இது மணிக்கு அம்பத்தாறு வீதம் ஓட்டிக்கிட்டே இருக்கு. ஒரு நாளைக்கு ஆயிரத்து முந்நூத்தி நாப்பது.”

“அந்த ஆயிரத்து முந்நூத்தி நாப்பதை அது எப்ப அளந்துச்சு?”

அவர் செயலியின் அமைப்புகளுக்குள் போய், பெண் என்று இருந்ததை ஆண் என்று மாற்றினார். ஆயிரத்து முந்நூற்று நாற்பது, ஆயிரத்து ஐந்நூற்றைந்து ஆனது. வயதை இருபதாக்கினார். இன்னும் ஏறியது. எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து யாரும் அசையவில்லை.

“அளக்கலை மேரி,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “வயசு, உயரம், எடை, ஆணா பெண்ணா. நாலையும் ஒரு சூத்திரத்துல போட்டா வர்ற விடை இது. உன்னை மாதிரி ஆயிரம் பேரோட சராசரின்னு வச்சுக்கயேன்.”

“நான் ஆயிரம் பேரு இல்லையே. நான் ஒருத்திதான.”

“அதான்…”

“அந்த ஆயிரம் பேருல பஞ்சம்பட்டிக்காரி ஒருத்தியாவது இருந்திருப்பாளா? குத்துமதிப்புன்னா குத்துமதிப்புன்னு சொல்லணும். ஆயிரத்து அறுபத்திரெண்டுன்னு கடைசி எண் வரைக்கும் காட்டுனா, அளந்துருக்குன்னுதான நெனைப்பாக? நீங்களே நெனைச்சீகளே. கணக்கு வாத்தியாரு!”

ஸ்தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டார். “தொடக்கத்துல இருக்கிற எண்ணே சரியான்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம உன்னையச் சந்தேகப்பட்டேன். தப்புதான்.”

அன்றைக்கு அவர் கஞ்சிக்கு ஊறுகாய் கேட்டபோது மேரி எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா சனி. மேரி மையத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் பலகையின் படம் வந்தது. முதல் பேர் பவித்ரா. ஒரே வாரத்தில் ஒன்றரைக் கிலோ. கீழே விக்னேஷ்குமார் எழுதியிருந்தான்: ‘பவித்ரா சிஸ்டர் நேர்மையாகச் சாப்பிட்டார், நேர்மையாகக் குறைந்தார். மற்றவர்கள் கற்றுக்கொள்ளவும்.’ கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

செவ்வாய்க்கிழமை பவித்ரா பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தாள்.

கேள்விப்பட்டு மேரி மருத்துவமனைக்குப் போனபோது அந்தப் பெண் குளுக்கோஸ் ஏறுகிற கையோடு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முழங்கை பெஞ்சில் இடித்துச் சிராய்த்திருந்தது. குழந்தையை அவள் மாமியார் இடுப்பில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

“என்னத்தா ஆச்சு உனக்கு?”

பவித்ரா அழுதாள். பிறகு சொன்னாள். கடிகாரம் அவளுக்கு ஆயிரத்து எண்ணூறு காட்டியது. அவளும் சொன்னபடி ஆயிரத்து முந்நூறு சாப்பிட்டுப் பார்த்தாள். எடை இறங்கவே இல்லை. அந்தச் சனிக்கிழமை மேரியை நிற்க வைத்துக் கேட்டதைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. அடுத்த வாரம் தன் முறை. அதனால் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டாள். அதுவும் பாதி வயிறு. கடையில் பத்து மணி நேரம் நின்ற வேலை.

“ஆனா அங்க என்னன்னு எழுதிக் குடுத்த?”

“ஆயிரத்து முந்நூறுன்னுதாங்க்கா. குறைச்சுச் சாப்பிட்டேன்னு எழுதுனா அதுக்கும் திட்டுவாரு. வாட்ச் கணக்கோட ஒத்துப்போற மாதிரி எழுதிட்டேன்.”

மேரி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நிறுத்துத் தின்று நிறுத்ததை எழுதியவள் பொய்க்காரி. பட்டினி கிடந்து, தின்றேன் என்று எழுதியவள் நேர்மையானவள், அவளுக்குக் கைதட்டு. ஒரு சூத்திரத்தோடு ஒத்துப்போனதுதான் உண்மை, ஒத்துப்போகாதது பொய் என்றால் மனுஷி எதற்கு, தராசு எதற்கு? அந்தப் பலகையில் பேர் எழுதியவன் ஒரு நாளாவது இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தானா? பார்த்திருந்தால் வெளிறியிருந்தது தெரிந்திருக்குமே. எண்ணைப் பார்க்கிறவனுக்கு ஆள் தெரிவதில்லை.

மறுநாள் டாக்டர் ஷரீஃபா முன்னால் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் தைராய்டு உட்படச் சில பரிசோதனைகள் எழுதினார். சாயங்காலமே முடிவு வந்தது, எல்லாம் சரியாக இருந்தன.

“அப்ப என் உடம்புல என்னதான் டாக்டரம்மா கோளாறு?”

“கோளாறு ஒண்ணும் இல்ல மேரி. ஒரே வயசு, ஒரே எடை உள்ள ரெண்டு பேர் சும்மா படுத்திருந்தாலும் ஒரே அளவு எரிக்க மாட்டாங்க. சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைச்சல். சூத்திரத்துக்கு அது தெரியாது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நிஜமாவே அளந்து பாக்கணும்னா மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில கருவி இருக்கு. லெட்டர் தர்றேன், போறீங்களா?” என்றார்.

“போறேன்.”

வியாழக்கிழமை விடியலில், வெறும் வயிற்றோடு ஸ்தனிஸ்லாஸும் அவளும் மதுரை பஸ் ஏறினார்கள். அங்கே ஒரு அமைதியான அறையில் படுக்க வைத்து, தலைக்கு மேல் கண்ணாடி போல் தெரிகிற பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கவிழ்த்தார்கள். தூங்கக் கூடாது, பேசக் கூடாது, அசையக் கூடாது. அவள் இழுக்கிற காற்றையும் விடுகிற காற்றையும் ஒரு குழாய் வாங்கிக்கொண்டு போனது; எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்பதை வைத்து உடம்பு எரிப்பதை அளப்பார்களாம். அரை மணி நேரம். உள்ளே கிடந்த மேரிக்குப் பயமாக இல்லை. கடைசியில் ஒருத்தராவது கேள்வியை என் உடம்பிடமே கேட்கிறார்களே என்று ஆறுதலாகத்தான் இருந்தது.

முடிவு வந்தது: சும்மா இருக்கும்போது நாளொன்றுக்கு ஆயிரத்து நூற்று இருபது. கடிகாரம் சொன்ன ஆயிரத்து முந்நூற்று நாற்பதை விட இருநூற்று இருபது குறைவு. “நடக்கிற கணக்கையும் வாட்ச் கொஞ்சம் தாராளமாத்தான் போடும்மா,” என்றார் அங்கிருந்த உணவு ஆலோசகர். “ரெண்டும் சேர்ந்து உங்க ஐநூறு கழிவுல பெரும்பங்கைத் தின்னுருச்சு. நீங்க எழுதுன அளவுக்குச் சாப்பிட்டிருந்தா, ஆறு வாரத்துல ஒரு கிலோவுக்குள்ளதான் இறங்கியிருக்கணும்.”

“தொள்ளாயிரம் கிராம் இறங்குனேன்.”

“அப்ப நீங்க எழுதுனது சரி.”

மேரி அந்த மேசை முன்னாலேயே அழுதுவிட்டாள். ஸ்தனிஸ்லாஸ் கைக்குட்டையை நீட்டினார். அழுது முடித்ததும் கோபம் இன்னும் நன்றாக ஏறியது.

வெள்ளிக்கிழமை காலை செம்பட்டியில் மொக்கைச்சாமியிடம் கேட்டு ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தை ஒரு வலைப்பையில் கட்டி வாங்கினாள். பையின் கழுத்தில் கடிகாரத்தை மாட்டி அறை மூலையில் வைத்தாள். அப்போது மணி எட்டு, கணக்கு நானூற்று நாற்பத்தேழு. மொக்கைச்சாமி எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆயிரத்தைந்து.

“ஏத்தா, நான் நாள் பூரா மூட்டை தூக்குனேன். இது மூலையில கிடந்தே இம்புட்டு எரிச்சிருச்சா?” என்றார் அவர்.

சனிக்கிழமை அந்த வெங்காயப் பையோடு மேரி மையத்தின் மாடிப்படி ஏறினாள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். விக்னேஷ்குமார், “வாங்கக்கா, ரெண்டு வாரமா ஆளையே காணோம்,” என்று சிரித்தான். மேரி பையை அவன் மேசைமேல் வைத்தாள்.

“தம்பி, இந்த வெங்காயம் நேத்து காலை எட்டு மணியிலருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஐநூத்தி அம்பத்தெட்டு கலோரி எரிச்சிருக்கு. உங்க வாட்ச் சொல்லுது. ஆனா எடை ஒரு கிராம் இறங்கலை. இதையும் நிக்க வச்சுக் கேளுங்க, ராத்திரி பிரிட்ஜைத் திறந்துச்சான்னு.”

கூட்டம் ஒரு கணம் முழித்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. அவன் முகம் சிவந்தது. “காமெடி பண்ணாதீங்கக்கா.”

“நான் காமெடி பண்ண வரலை. உங்க காமெடியில ஒரு பச்சைப் பிள்ளைக்காரி பஸ் ஸ்டாண்டுல விழுந்து கிடந்தா.” மதுரையில் கொடுத்த தாளை அவன் முன்னால் விரித்தாள். “இது என் மூச்சை அளந்து எழுதுனது. ஆயிரத்து நூத்தி இருபது. உங்க வாட்ச் சொன்னது என்னைய அளக்காமச் சொன்னது. அதை வச்சு என்னையப் பொய்க்காரின்னீக. பவித்ரா பட்டினி கிடந்தா, அவளை நேர்மையானவன்னீக. பிள்ளைக்குப் பால் குடுக்கிற பொம்பளை ஒரே வாரத்துல ஒன்றரைக் கிலோ இறங்குனா, கைதட்டணுமா, என்னத்தா ஆச்சுன்னு கேக்கணுமா?”

சிரிப்பு நின்றுவிட்டது.

“எனக்கு ட்ரெய்னிங்ல சொல்லிக்குடுத்தது அவ்வளவுதாங்க்கா,” என்றான் அவன். “கம்பெனிக்காரன் போட்ட கணக்கு. நான் என்ன பண்ண முடியும்?”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். தெரியாத கணக்கை வச்சு ஆளை எடைபோட உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?”

வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கன்வாடியில் வேலை பார்க்கும் மகேஸ்வரி. “நானும் போன மாசம் இங்கருந்து அழுதுக்கிட்டுத்தான் தம்பி போனேன். வீட்டுல சொல்லக்கூட இல்லை.” அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் தன் கடிகாரத்தைக் கழற்றினாள்.

அன்று சாயங்காலம் குழுவில் ஒரு வரி வந்தது: ‘கடிகாரக் கணக்கு சிலருக்குச் சற்று மாறுபடலாம்.’ மேரி அதன் கீழே எழுதினாள்: ‘நான் பொய் சொல்லவில்லை என்று என் பேர் போட்டு எழுதுங்கள்.’ ஐந்து நிமிஷத்தில் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த வாரமே ஏழு பெண்கள் தாங்களாக விலகினார்கள்.

பத்து நாள் கழித்து விக்னேஷ்குமார் பைக்கில் செம்பட்டிக்கு வந்தான். அறை வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். “மன்னிச்சிருங்கக்கா. பவித்ரா வீட்டுக்கும் போயிட்டுத்தான் வாரேன்.”

“அங்க போனது சரி. எங்கிட்ட இப்படித் தனியா வந்து சொல்லாதீக. கூட்டத்துல சொன்ன சொல்லைக் கூட்டத்துலதான் எடுக்கணும்,” என்றாள் மேரி, கண்ணை எடைத்திரையிலிருந்து எடுக்காமல்.

அடுத்த சனிக்கிழமை அவன் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்தான். அவள் பேரைச் சொல்லி, அவள் எழுதியது சரி, தான் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னான். மகேஸ்வரி அதைச் செல்போனில் பதிந்து அனுப்பினாள். வெள்ளைப் பலகையையும் கழற்றிவிட்டதாகச் சொன்னாள். மேரி அந்தப் பதிவை மூன்று தடவை கேட்டாள். ஸ்தனிஸ்லாஸையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வைத்தாள்.

ஆனாலும் கோபம் முழுக்க இறங்கவில்லை. அந்தப் பையன் ஒரு மாடியில் இருபத்துநான்கு பேரிடம் சொன்னான். அந்தக் கடிகாரம் எத்தனை ஊரில் எத்தனை பேர் கையில் சொல்லிக்கொண்டிருக்கிறது? கணவரை உட்கார வைத்து, கடிகாரக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கடிகாரத்தில் தெரியும் எண்கள் பொதுவான மதிப்பீடு மட்டுமே, மருத்துவத்துக்கு உரியவை அல்ல, இது கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் குறிப்பிடப்பட்டுள்ளது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மேரி பதிவுத் தபாலில் திருப்பி எழுதினாள்: ‘நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதியதை முகப்பில் எழுத உங்களுக்கு எது தடை?’ அதற்கு இதுவரை பதில் இல்லை.

டாக்டர் ஷரீஃபா மதுரைத் தாளை வைத்துச் சாப்பாட்டைத் திருத்திக் கொடுத்தார். கொஞ்சம் குறைவு, கூடவே சாயங்காலம் முக்கால் மணி நேர நடை. ஆகஸ்டில் சர்க்கரை நல்ல அளவுக்கு வந்துவிட்டது. எடை எழுபத்துநான்கரை. பவித்ரா மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பட்டிக்கு வந்து போகிறாள்.

போன வாரம் கீரனூரிலிருந்து இளஞ்செழியன் என்ற இளம் விவசாயி தேங்காய் வண்டியோடு வந்தான். சீட்டு வாங்க நீட்டிய கையில் அதே மாதிரிக் கடிகாரம்.

“இன்னைக்கு மத்தியானத்துக்குள்ளயே ஆயிரத்து முந்நூறு எரிச்சுப் போட்டேனுங்க,” என்றான் பெருமையாக.

மேரி சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். “அதுல நீங்க தூங்குறப்ப, உக்காந்திருக்கிறப்ப எரிச்சது எம்புட்டுன்னு காட்டுதா?”

“காட்டுதுங்க. ஆயிரத்துக்குப் பக்கமுங்க.”

“அதை அது எப்படி அளந்துச்சாம்?”

அவன் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஏனுங்க, அளக்காமயா சொல்லும்?”

பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. மேரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். “வண்டியை ஓரமாப் போட்டுட்டு உள்ள வாங்க தம்பி. சொல்றேன்.”